பென்சில் அம்பு

பக்கத்து மேசைக்காரி ஆய்வகத்திலிருந்து வந்த உறையைப் பிரித்தபோது, நான் சுவரில் இருந்த பென்சில் அம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது நான் போட்டது. யாருக்கும் தெரியாது.

எங்கள் சுகாதார அலுவலகச் சுவரில் கதவளவுக்கு ஒரு தாள் ஒட்டியிருக்கும். கக்குவான் இருமல் வந்த ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வட்டம். யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று காட்ட ஓர் அம்பு. சந்தேகம் என்றால் பென்சில். ஆய்வகம் உறுதி செய்துவிட்டால் சிவப்பு மை.

ஒன்பது வருடமாக ஊரார் வீட்டு அம்புகளைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். போன வாரம் பதினேழாவது வட்டமாக என் மகள் வந்து சேர்ந்தாள்.

நாலு வயது. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். முகம் கன்றிச் சிவந்து, வாந்தி எடுக்கும்வரை இருமினாள். இப்போது மருந்து கேட்டு இருமல் இறங்கிவிட்டது. வெளியூரில் வேலை பார்க்கும் அவள் அப்பா ஓடிவந்து கூடவே இருக்கிறார்.

சொந்த வீட்டு விசாரணையை நாமே செய்யக் கூடாது என்பது விதி. அதனால் பக்கத்து மேசைக்காரி படிவத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னிடம் வேலை கற்றவள், வாய்க்கு வாய் அக்கா என்பாள்.

மூன்றாவது கேள்வி, நோயாளியின் முகத்துக்கு மிக அருகில் அதிக நேரம் இருப்பவர் யார் என்பது. எத்தனையோ வீடுகளில் நான் தண்ணீர் குடிப்பதுபோலக் கேட்ட கேள்வி.

அவள் அதைக் குழந்தைக்குப் புரியும்படி கேட்டாள். "நீ யாரு மடியில தூங்குவ, குட்டி?"

வாலு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கீழ்வீட்டு அத்தை."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அத்தை என்றால் உறவில்லை. நான் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவள். அவளைக் குறை சொல்ல முடியாது, அதுதான் எனக்கு எரிச்சல். நான் நகம் வெட்டப்போனால் ஊரைக் கூட்டுகிற பிள்ளை, அவளிடம் பத்து விரலையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

மாலையில் நான் போய் நின்றால், வாலு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஏதோ பார்சல் கொடுக்க வந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கும். நான் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவேன். வயிறு பற்றி எரியும்.

பொறாமைதான். இதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?

கீழ்வீட்டு அத்தை அடுப்புப் பக்கம் போனால் இருமுவாள். புகைக்குத்தான் இருமுகிறாள் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவள் பெயருக்கு நேரே 'இருமல் உண்டு' என்று எழுதச் சொன்னேன்.

என் பெயருக்கு நேரே 'இல்லை' என்று சொன்னேன். கோப்புத் தூசிக்குத் தொண்டை கமறுவதையெல்லாம் யாராவது இருமல் என்பார்களா?

மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போனபிறகு, கீழ்வீட்டு அத்தைக்கு ஒரு வட்டம் போட்டு அதிலிருந்து என் மகளுக்கு ஓர் அம்பை இழுத்தேன். அழுத்தியதில் பென்சில் முனை ஒடிந்தது.

முடிவு மட்டும் வரட்டும் என்று காத்திருந்தேன். அவள்தான் கொடுத்தாள் என்று ஆகிவிட்டால், பிள்ளையை அவளிடமிருந்து எடுத்துக்கொள்ள யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம். ஒரு பகல்நேரக் காப்பகத்தில் பேசியும் வைத்துவிட்டேன். அங்கே இருபது பிள்ளைகளுக்கு இரண்டு பேர். யார் மடியும் யாருக்கும் கிடைக்காது.

விதிப்படி, குழந்தைக்கு நெருக்கமான இரண்டு பேர் மூக்கிலும் குச்சி விட்டுச் சளி எடுத்தார்கள். கீழ்வீட்டு அத்தைக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

பக்கத்து மேசைக்காரி முடிவைப் படித்தாள். கீழ்வீட்டு அத்தைக்கு இல்லை.

அடுத்த வரியைப் படித்துவிட்டு அவள் நிமிரவே இல்லை. தாளைப் பார்த்தபடியே, "உங்களுக்கு எப்பலேர்ந்துக்கா இருமல்?" என்றாள்.

யார் முதலில் இருமினாரோ, அவரிடமிருந்துதான் அம்பு கிளம்பும். அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நான்.

மூன்று வாரம் என்றேன். வாலுவுக்கு இருமல் வந்து பத்து நாள்தான் ஆகிறது.

அவள் எழுந்துபோய்ப் பென்சில் அம்பையும் அத்தையின் வட்டத்தையும் ரப்பரால் அழித்தாள். பக்கத்தில் எனக்கு ஒரு வட்டம் போட்டாள். சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள். நான் வாங்கிக்கொண்டேன். என்னிடமிருந்து என் மகளுக்கு, ஒரே இழுப்பில் போட்டேன்.

பிள்ளையை அந்தப் பாடு படுத்தியது நான்தான். அவமானத்தில் காது சுட்டது.

ஆனால் தினமும் அவள் தூங்கியபிறகு, மூக்கோடு மூக்கு உரசப் படுத்து, அவள் விடும் மூச்சையே வாங்கிக்கொண்டு கிடந்தவளும் நான்தான். தூங்குகிற பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? பகலெல்லாம் மடியில் வைத்திருந்தவளுக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது கேள்விக்கு வாலு சொன்ன பதில் தப்பு.

"மனசு விட்றாதீங்கக்கா, வேணும்னேவா குடுத்தீங்க?" என்ற பக்கத்து மேசைக்காரி தானும் ஒரு முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, எனக்கும் ஒன்றை நீட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

நான் அதை அவசரமாக வாங்கினேன். உதடு என் பேச்சைக் கேட்காமல் விரிந்துகொண்டிருந்தது. முகக்கவசத்தைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன்.