கதவு திறக்க ஒரு வார்த்தை

பழைய கம்ப்யூட்டர் கண்காட்சியில் அவரைச் சுற்றித்தான் கூட்டம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பேய் வீட்டு விளையாட்டை எழுதியவராயிற்றே! படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். பூட்டிய அறைக்குள்ளிருந்து ஒரு சிறுமி, ‘அண்ணா, கதவைத் திற’ என்று அழுவாள். என்ன கட்டளை தட்டினாலும் கதவு திறக்காது.

“எப்படித்தான் சார் திறக்கிறது?” என்று யார் கேட்டாலும், “அது ரகசியம்” என்று கண்ணடிப்பார்.

அன்று ஒரு பெண் கனத்த நோட்டு ஒன்றை அவர் முன்னால் விரித்தாள்.

“எங்கப்பா தட்டிப் பார்த்தது சார். உடை, தள்ளு, கெஞ்சுன்னு எண்ணூறு வார்த்தை. நான் பக்கத்துல உக்காந்து அந்தப் பொண்ணுக்காக அழுவேன்.”

இத்தனை வருஷம் அடித்த கண்ணெல்லாம் இப்போது அவரை உறுத்தியது.

“மன்னிச்சிடும்மா. அது திறக்காது. உள்ளே அறையே நான் எழுதலை. அந்தக் காலத்து மெஷின்ல மெமரி அவ்வளவுதான். இடம் பத்தலை.”

பழியை மெஷின் தலையில் போட்டதும் கொஞ்சம் மூச்சு வந்தது.

“தெரியும் சார். அப்பா புரோகிராமையே பிரிச்சுப் பார்த்துட்டார்” என்று அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

‘அந்த அறைக்குத் தேவையான இடம்: இருநூறு எழுத்து. விளையாட்டின் முடிவில் ஆசிரியர் தன்னைத்தானே புகழ்ந்துகொண்டது: அறுநூறு எழுத்து.’

அவர் தலை தானாகக் கவிழ்ந்தது. எதிரே கம்ப்யூட்டர் திரையில் சிறுமி இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்: ‘அண்ணா, கதவைத் திற.’