பாதி விலை மூளை

குன்னூரில் ஒரு சந்தில் எதிரெதிரே இரண்டு இட்லி மாவுக் கடைகள். இரண்டுக்கும் சேர்த்து தினமும் எவ்வளவு அரைப்பது என்று கணக்குச் சொல்லும் ஒரே இயந்திர மூளையை வாடகைக்கு எடுத்தால் பாதி விலை என்பதால், முகம் கொடுத்துப் பேசாத ஜெசிந்தாவும் தெய்வானையும் அதற்குச் சம்மதித்திருந்தார்கள். ஒரு கடையின் விஷயத்தை மறு கடைக்கு அது சொல்லாது.

மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே மிதந்து வந்த ஒரு காலையில், தாலாட்டுகிற குரலில் அது ஜெசிந்தாவிடம் சொன்னது: "இன்னைக்கு எட்டுக் கிலோ அரிசி கூடுதலா ஊறப்போடுங்க."

"எதுக்கு? ஊர்ல கல்யாணமா?"

"கூட்டம் வரும்."

அரிசியைத் தண்ணீரில் கொட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. தெய்வானை தினமும் அரைப்பதும் எட்டுக் கிலோதான். பனிக்குள் நடந்துபோய் எதிர்க்கடையின் பின்கதவைத் தட்டினாள். தாழிடாத கதவு திறந்துகொண்டது; கடைக்குப் பின்னாலிருந்த அறையில் தெய்வானை காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள்.

"மெஷின் போட்டுக் குடுத்துடுச்சா?"

"அது வாயே திறக்கலை. அரிசியைத்தான் கூட்டிச்சு."

"ஒரு வாரம் கடை சாத்தினா என்கிட்ட மாவு வாங்குறவங்க உன்கிட்டயே ஒட்டிக்குவாங்க. உனக்கு யோகம்டி."

"பேசாம படு. சாவி எங்கே?"

மாலையில் பனி மறுபடி இறங்கியது. தன் கடையைக் கணவனிடம் விட்டுவிட்டு, ஜெசிந்தா தெய்வானையின் கடையில் மாவு அள்ளிக்கொண்டிருந்தாள்.

"தெய்வானைக்கா எங்கே?" என்றார் தூக்குவாளியோடு வந்தவர்.

"உள்ளே தூங்குறா. மாவு அவளோடதுதான்."