உள்தாழ்ப்பாள்

பெரியவர் முதலில் லாட்ஜின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உம்ம கடிகாரம் ரெண்டு நிமிஷம் பிந்துதுவே," என்றார்.

மேனேஜர் வீரபாகுவுக்கு ஆளைப் பார்த்ததுமே சரிப்படவில்லை. பங்குனி வெயில். குற்றாலத்தில் அருவி காய்ந்து பாறை தெரிந்தது. இந்த நேரத்தில் ஒரு ரெக்சின் பையோடு தனியாக எதற்கு வருகிறார்?

ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். குற்றாலிங்கம். வயது எழுபத்து மூன்று. முகவரி தென்காசி.

"அஞ்சு கிலோமீட்டர்ல வீட்ட வச்சுக்கிட்டு இங்கன எதுக்கு அண்ணாச்சி ரூமு?"

"வீட்ல இருந்து பாத்தாச்சு."

"ஒத்தை ஆளுக்கு ரூம் குடுக்கது இல்ல."

"ஒத்தையா இருக்கதாலதான வந்திருக்கேன்."

போன ஐப்பசியில் மாடி அறையில் தனியாகத் தங்கிய ஒருவர் காலையில் கதவைத் திறக்கவில்லை. விஷம் குடித்திருந்தார். போலீஸ், பேப்பர் என்று மூன்று மாதம் அலைச்சல். "இன்னொண்ணு நடந்துச்சு, நீ உன் வீட்டப் பாத்துப் போயிரு," என்று முதலாளி சொல்லிவிட்டார். வீரபாகுவின் மகளுக்கு வைகாசியில் கல்யாணம்.

ஆனால் மூன்று வாரமாக ஓர் அறைகூடப் போகவில்லை என்று கத்தியதும் அதே முதலாளிதான். வீரபாகு ரெஜிஸ்டரைத் திறந்தார். கண்ணில் படும்படி கீழ்த்தளத்து மூன்றாம் நம்பர் அறையை எழுதினார்.

"தொழிலு?"

"ஸ்டேஷன் மாஸ்டர். ரிட்டயர்டு."

"அவசரம்னா யாருக்குப் போன் பண்ண?"

"மகன் கோமதிசங்கர், கனடா. எடுக்க ஒரு நாளாவும். பரவால்லையா?"

"வீட்ல ஆச்சி?"

"அவ போயி நாலு வருஷம் ஆச்சு."

"எத்தன நாளு தங்குவீங்க?"

"அத நாளைக்குக் காலைல சொல்லுதேன்."

அந்தக் கட்டம் மட்டும் காலியாக நின்றது.

அறைக்குள் போனதும் பெரியவர் கட்டிலைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. உள்தாழ்ப்பாளை இரண்டு முறை போட்டு எடுத்தார்.

"இதப் போட்டா வெளியிலருந்து தொறக்க முடியுமாவே?"

"முடியாது. உடைக்கத்தான் செய்யணும்."

"போடலைன்னா?"

"எங்கிட்ட இன்னொரு சாவி இருக்கு."

"காலைல காப்பி?"

"ஆறு மணிக்கு. நாந்தான் கொண்டாருவேன்."

"நீரு தட்டி, நான் தொறக்கலைன்னா?"

"என்ன பேச்சு பேசுதீங்க? தொறக்காம எங்க போயிருவீங்க?"

பெரியவர் சிரித்தபடி பையிலிருந்து துண்டை உருவினார். கூடவே நீளமான கவர் ஒன்று கட்டிலில் விழுந்தது. அதன்மேல் பட்டையான எழுத்தில், 'என் மறைவுக்குப் பின் திறக்கவும்.'

வீரபாகு கவுண்டருக்கு வந்து போனை எடுத்தார். போலீஸ் வந்தால் ஒன்றும் நடக்காமலே ஊர் பேசும். போனை வைத்துவிட்டார். அறையைக் காலி செய்யச் சொல்லலாம். சொன்னால் வேறு எங்கே போய் என்ன செய்வாரோ. அதற்கும் மனம் வரவில்லை.

மூன்று மணிக்குக் கொசுவர்த்தி கொடுக்கிற சாக்கில் போனார். ஐந்து மணிக்கு டிவி ரிமோட். ஏழு மணிக்கு வேறு சாக்குக் கிடைக்காமல், "ஃபேன் நல்லா ஓடுதா அண்ணாச்சி?" என்று தலையை நீட்டினார்.

"நல்லா ஓடுது. உமக்குத்தான் வேர்த்துக் கொட்டுது."

அன்று வீரபாகு வீட்டுக்குப் போகவில்லை.

காலை ஆறு மணிக்குக் காப்பியோடு போய்க் கதவைத் தட்டினார். பதில் இல்லை. "அண்ணாச்சி!" என்று கூப்பிட்டுக் கதவில் காதை வைத்தார். ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

உள்ளங்கையால் அறைந்தார். டம்ளரிலிருந்து காப்பி சிந்திக் கையைச் சுட்டது. கீழே வைத்துவிட்டுக் கவுண்டருக்கு ஓடி, சாவிக்கொத்தை அள்ளிக்கொண்டு திரும்ப ஓடிவந்தார். முதல் சாவி சேரவில்லை. இரண்டாவதும் சேரவில்லை. மூன்றாவது திரும்பியது. தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. கதவு தானாகத் திறந்துகொண்டது.

பெரியவர் குளித்து, நெற்றியில் திருநீறு பூசிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் கடிகாரம்.

"நாலு நிமிஷம், இருவது செகண்டு," என்றார்.

வீரபாகு கதவைப் பிடித்துக்கொண்டார். "தட்டுதேன், கத்துதேன், வாயத் தொறக்காம இருக்கீங்க! எனக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு."

"தைப்பூசத்தன்னைக்கு வீட்டு பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்வே. எந்திரிக்க முடியல. ரெண்டு நாள் அங்கனயே கெடந்தேன். கேஸ் சிலிண்டர் கொண்டாந்தவன்தான் பாத்தான்."

வாசலில் வைத்திருந்த டம்ளரை எடுத்துவந்து, மிச்சமிருந்த காப்பியைக் குடித்தார்.

"போன வாரம் வேற லாட்ஜுல இதே மாதிரி இருந்து பாத்தேன். மத்தியானம் வரைக்கும் ஒருத்தன் எட்டிப் பாக்கல."

கட்டிலில் கிடந்த நீளக் கவரை எடுத்து வீரபாகுவின் கையில் வைத்தார். "இத உம்ம கவுண்டர்ல பத்திரமா வச்சிரும். யாருக்குச் சொல்லணும், எங்க கொண்டுபோவணும், எல்லாம் எழுதியிருக்கேன்."

வீரபாகு கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு மேனேஜர் கேட்கவேண்டியதைக் கேட்டார்.

"ரெஜிஸ்டர்ல எத்தன நாளுன்னு எழுத, அண்ணாச்சி?"

"இருக்கிற வரைக்கும்னு எழுதும்வே."