தெளிந்த முகம்

ஈப்போவில், ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் வீரம்மாவின் வீட்டு வைஃபை ஒரு வாரமாகச் சண்டித்தனம் செய்தது. மெல்பர்னில் பிரசவத்துக்குக் காத்திருந்த மகள் கோகிலாவின் முகம் அன்றும் டேப்லெட்டில் பாதிப் பேச்சில் உறைந்து நின்றது.

பழுது பார்க்க வந்த கனகராஜ், "மோடம் மாத்தணும்லா அக்கா," என்று வயரைக் கழற்றினான்.

உடனே கோகிலாவின் முகம் தெளிந்தது. "இப்பதாம்மா நல்லாத் தெரியுது," என்றாள்.

கனகராஜ் கையிலிருந்த மோடத்தைப் பார்த்தான். "லைனே இல்லையேக்கா..."

அப்போது வீரம்மாவின் கைப்பேசி அடித்தது. "அம்மா, கோகிலா பேசுறேன். காலையிலேருந்து வீடியோவுல கூப்பிடுறேன், கிடைக்கவே இல்ல. வலி வந்துருச்சும்மா, ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

வீரம்மா கைப்பேசியைக் காதில் வைத்தபடியே டேப்லெட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

டேப்லெட்டில் கோகிலா சிரித்தபடி, துணியில் சுற்றிய குழந்தையைத் தூக்கிக் காட்டினாள்.