விழத் தெரிந்தவர்

செங்கல்பட்டு எல்லப்பனுக்கு விழுவதுதான் தொழில்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் நிதானமாக வரும் கார்களைத்தான் அவர் தேர்ந்தெடுப்பார். வேகமாக வரும் வண்டியில் விழ அவர் என்ன பைத்தியமா? பம்பர் வேட்டியை உரசுகிற கணத்தில் சாய்வார். அடுத்த கணம் அவர் மனைவி பார்வதம் எங்கிருந்தோ தலைவிரி கோலமாக ஓடிவந்து, “ஐயோ, எங்க வூட்டு வெளக்கு அணைஞ்சி போச்சே!” என்று ஆரம்பிப்பாள். கார்க்காரர் பர்ஸைத் திறந்த பிறகுதான் அந்த விளக்கு மறுபடி எரியும்.

கொஞ்ச நாளாகத் தொழில் படுத்துவிட்டது. பொத்தேரிப் பக்கம் காலேஜ் பையன்கள் உஷாராகிவிட்டார்கள். கார்களில் எல்லாம் கேமரா வந்துவிட்டது. உடம்பை வருத்திப் பிழைக்கிறவனுக்கு இது காலமில்லை என்று எல்லப்பன் நொந்துகொண்டிருந்தபோதுதான் அந்தப் போஸ்டர் கண்ணில் பட்டது. மாமல்லபுரம் கடற்கரையோர மைதானத்தில் மவுண்டன் பைக் சாகச ஷோ. ‘ராக்கெட்’ மணி என்பவன் சைக்கிளோடு ஆகாயத்தில் குட்டிக்கரணம் போடுகிறானாம்.

“அங்க இன்னாத்துக்கு?” என்றாள் பார்வதம்.

“கார்க்காரன் பர்ஸைப் பாத்துக் குடுப்பான். ஷோ நடத்தறவன் பேரு கெட்டுடுமேன்னு குடுப்பான். நீ தொண்டைய ரெடி பண்ணிக்கினு வா.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் நல்ல கூட்டம். கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே ஆளுக்கொரு செல்போனை உயர்த்திப் பிடித்தபடி நின்றார்கள். மேனேஜர் ஜானகிராமன் மைக்கில் முழங்க, மணி தடித்த டயர் சைக்கிளில் வந்தான். பின்சக்கரத்தில் நின்றபடியே இரும்புப் பீப்பாய்களின் மேல் தாவித் தாவிப் போனான். சரிவுப் பலகையில் சீறி ஏறி, அந்தரத்தில் தலைகீழாகச் சுழன்று, பூனை மாதிரி தரையிறங்கினான். கூட்டம் ஓவென்று கத்தியது.

எல்லப்பனுக்கு வருத்தமாக இருந்தது. விழாமல் இருப்பதற்கே இவ்வளவு கைதட்டலா?

கடைசி ஐட்டம், ஒரு ஜீப்பைத் தாண்டுவது. தாண்டி இறங்கியதும் மணி வேகத்தைக் குறைத்துக்கொண்டு கயிற்றை ஒட்டி வருவான் என்று எல்லப்பன் கணக்குப் போட்டார். கணக்கு தப்பவில்லை. மணி தாண்டினான், இறங்கினான், வேகம் குறைந்தது. எல்லப்பன் கயிற்றுக்கு அடியில் நுழைந்து சைக்கிளுக்கு முன்னால் அழகாகச் சாய்ந்தார். அலறுவதற்கு வாயைத் திறந்தார்.

அலறல் கேட்டது. ஆனால் அது அவருடையது இல்லை.

அவர்மேல் மோதாமல் இருக்க மணி சைக்கிளைச் சட்டென்று ஒடித்துத் திருப்பியிருந்தான். பீப்பாயில் மோதி, சைக்கிளுக்கு அடியில் காலை மடக்கிக்கொண்டு கிடந்தான். தலைவிரி கோலமாக ஓடிவந்த பார்வதம், “எங்க வூட்டு வெளக்கு” வரைக்கும் சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். அவள் வீட்டு விளக்கு கீறல்கூட இல்லாமல் மண்ணில் உட்கார்ந்திருந்தது.

“யோவ், கண்ணு தெரில? நீதான் உள்ள பூந்த, எல்லாம் வீடியோல கீது!” என்று கூட்டத்தில் ஒருவன் எகிறினான்.

ஜானகிராமன் குறுக்கே வந்தார். “யாரும் அவரத் திட்டாதீங்க. வயசானவரு, தெரியாம வந்துட்டாரு.”

மணி பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் தூக்கினான். “என்னை வுடுண்ணா. அந்தப் பெரியவருக்கு எங்கனா அடி பட்டுச்சா பாரு.”

எல்லப்பனுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இத்தனை வருஷத் தொழிலில் எல்லோரும் அவரிடம் “எவ்வளவு வேணும்?” என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

மணியைக் கூடாரத்துக்குள் தூக்கிப்போய் ஸ்ட்ரெச்சரில் கிடத்திக் காலில் கட்டுப் போட்டார்கள். எல்லப்பனும் பார்வதமும் பின்னாலேயே போனார்கள்.

“செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போலாமே சார்” என்றார் எல்லப்பன்.

“எங்க டாக்டர் பாத்துட்டாரு. எலும்பு முறிஞ்சிருக்கு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு.” ஜானகிராமன் குரலைத் தாழ்த்தினார். “இனிமே அவனால சைக்கிள் மிதிக்க முடியாது. கட்டிக்கிட்டவ வேற மாசமா இருக்கா. சரி, எங்க தலையெழுத்து. போலீஸெல்லாம் வேணாம், நீங்க வீட்டுக்குப் போங்க.”

எல்லப்பன் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். சட்டைப்பையில் இருந்ததை எல்லாம் வழித்து ஜானகிராமன் கையில் வைத்தார். பிறகு பார்வதத்தைப் பார்த்தார். அவள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள்.

“ஐயையோ, இதெல்லாம் எதுக்கு?” என்று ஜானகிராமன் பதறிப் பின்வாங்கினார். காலில் விழாத குறையாகக் கெஞ்சித்தான் எல்லப்பன் அதை வாங்கவைக்க வேண்டியிருந்தது.

மைதானத்துக்கு எதிரே இருந்த பஸ் ஸ்டாப்பில் நின்றபோது பார்வதத்துக்குக் கண்ணீர் நிற்கவே இல்லை. தொழிலுக்குச் சம்பந்தமில்லாமல் அவள் அழுது எல்லப்பன் பார்த்ததே கிடையாது.

“இந்தப் பொழப்பு இனிமே வேணாம்யா.”

“வேணாம்” என்றார் எல்லப்பன். “நாளைலேர்ந்து மூட்டை தூக்கியாச்சும் சாப்புடலாம்.” துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பஸ் ஏறினார்.

பஸ் வளைவில் மறைந்ததும், ராக்கெட் மணி ஸ்ட்ரெச்சரிலிருந்து துள்ளி இறங்கி, கால் கட்டை அவிழ்த்துக்கொண்டே ஜானகிராமனிடம் சொன்னான்: “மத்த ஊர்ல மாட்னவன்லாம் இன்னா பேரம் பேசினானுங்க! பாவம்ணா இவரு, சூதுவாது தெரியாத மனுஷன்.”