சட்டைக் கைக்குள் ஒரு ராஜா

"இதோட பாட்டன் பூட்டனெல்லாம் சீனத்து ராஜாவோட அங்கிக் கைக்குள்ளயே குடியிருந்தவங்க சார்" என்று நாய் விற்றவர் சொன்னதை நவநீதன் நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையளவு நாய் தரையில் கால் வைக்க மறுத்து, அவர் சட்டைக் கைக்குள் புகுந்து சுருண்டுகொண்டது. இறங்கச் சொன்னால் முறைத்தது. வேறு வழியில்லாமல் வலது கையை மட்டும் தொளதொளவென்று தைத்த சட்டையில் அதையும் சுமந்துகொண்டு அலுவலகம் போனார். இருபது வருடமாக அங்கே "சரிங்க சார்" தவிர வேறெதுவும் பேசியறியாதவர் அவர்.

"ஞாயித்துக்கிழமையும் வந்துடுங்க" என்றார் மேலாளர்.

நவநீதன் வாயைத் திறப்பதற்குள் சட்டைக் கையிலிருந்து "உர்ர்ர்" என்று உறுமல் வந்தது. மேலாளர் ஓரடி பின்வாங்கினார்.

"என்ன சொன்னீங்க?"

நவநீதன் சட்டைக் கையை மெல்லத் தடவிக்கொடுத்தார்.

"அதேதான் சார்."