யாரும் கேட்காத வீடியோ கேம்

செல்போனைத் தொட்டாலே பிள்ளைகளைத் திட்டுகிற காளிதாஸ், டிவியில் மாட்டி ஆடுகிற வீடியோ கேம் வாங்கலாமா என்று கேட்டதும் முருகலட்சுமிக்குச் சந்தேகம் தட்டியது.

“பிள்ளைக கேட்டுச்சுகளாக்கும்?”

“கேக்கல. நானாத்தான் சொல்றேன்.”

“கிரிக்கெட் மட்டை கேட்டதுக்கே அந்தக் கத்துக் கத்துனீக. என் வளையலை எங்கயும் அடகு வச்சுட்டீகளா?”

“பீரோவத் திறந்து பாரு.”

அவள் மெய்யாகவே எழுந்துபோய்த் திறந்து பார்த்தாள். வளையல் இருந்தது. சந்தேகம் இன்னும் கூடிப்போனது.

“வர்ற வெள்ளிக்குள்ள வாங்கிப்புடணும். பிள்ளைக வீட்டுக்குள்ளயே கெடந்து விளையாடட்டும்,” என்றான்.

“வெளிய பிள்ளைக பாக்கக்கூடாதது என்ன இருக்கு? ஊருக்குள்ள எவளும் உங்களப் பத்திப் பேசுறாளா?”

“அடி கூறுகெட்டவளே,” என்று குரலைத் தாழ்த்தினான். “வெள்ளிக்கிழமை கருப்பசாமி கோயில் படையல். நேந்துவிட்ட கிடாய வெட்டணும்ல. பள்ளிக்கூடம் விட்டா ரெண்டும் நேரா அதுகிட்டதான் ஓடுதுக. பேரு வேற வச்சிருக்குதுக. இப்பவே வேற விளையாட்டுல மனசு திரும்பிட்டா, அன்னைக்கு அழுகாதுகள்ல.”

மகன் காய்ச்சலில் கிடந்தபோது கிடாய் வெட்டுவதாக வேண்டிக்கொண்டவள் முருகலட்சுமிதான். குட்டியாக வாங்கி வந்த நாளிலிருந்து அதற்குக் கஞ்சித்தண்ணி வைத்து வளர்த்ததும் அவள் கைதான்.

அவள் திறந்து கிடந்த பீரோவைச் சாத்தினாள். பிறகு கேட்டாள்:

“பிள்ளைகளுக்கு அது சரி. எனக்கு என்ன வாங்கித் தரப்போறீக?”